வராத மதிப்பும் நீக்கிய புலமும்: தானியங்கி நிரலாக்கத்தில் தரவு வரையறை

தரவுக் கட்டமைப்பை வரையறுப்பது என்றால் அதன் வகைகளைச் சொல்வது என்று பாடநூல்கள் நம்மைப் பழக்கிவிட்டன: இது முழு எண், இது எழுத்துச்சரம், இது பட்டியல். கைப்பட நிரல் எழுதுபவருக்கு அது போதும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். வரையறையைப் படித்து ஒரு கருவியே நிரலை எழுதும்போது அந்த மிச்சத்தைக் கவனிக்க ஆளில்லை. அப்போது வரையறையின் சரி தவறை வகைகளைவிட வேறு இரண்டே தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். மதிப்பு வராவிட்டால் என்ன பொருள்? முன்பு இருந்து நீக்கப்பட்டது எது? கூகுள் 2008இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட தரவுப் பரிமாற்ற வடிவமான புரோட்டோகால் பஃபர்ஸ் இதற்குத் தக்க சான்று. அதன் வரையறைக் கோப்பு ஒன்றிலிருந்தே ஜாவா, பைத்தான், சி++ நிரல்கள் பிறக்கின்றன.

அனுப்பப்படும் பைட்டுகளில் புலத்தின் பெயர் இருப்பதில்லை, எண்தான் இருக்கும். 1ஆம் புலத்தில் 150 என்ற முழு எண்ணை வைத்தால் செல்வது 08 96 01 என்ற மூன்று பைட்டுகள். 08 என்பதில் புல எண்ணும், மதிப்பு எந்த முறையில் பொதியப்பட்டது என்ற குறிப்பும் அடக்கம். அந்தக் குறிப்பு மிகப் பொதுவானது. இன்ட்32, சின்ட்32 என்ற இரு முழு எண் வகைகளுக்கும் அது ஒன்றே. இன்ட்32இல் -1 பத்து பைட்டுகளை விழுங்கும். சின்ட்32இல் ஒன்றே போதும். சிக்கனம் கருதி ஒருவர் வகையை மட்டும் மாற்றுகிறார் என்று கொள்வோம். பழைய நிரல் அனுப்பும் 1, புதிய நிரலில் -1 ஆகிறது; 2 என்பது 1 ஆகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. வகையைச் சரியாகச் சொல்லியும் தரவு கெட்டுவிட்டது.

நீக்கிய புலத்தின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுப்பதும் இதே விளைவைத் தரும். 1 முதல் 15 வரையிலான புல எண்களுக்கு ஒரே பைட் போதும் என்பதால் காலியான சிறிய எண்ணின்மேல் ஆசை எழுவது இயல்பே. நிரலாக்கும் கருவியோ இன்றைய கோப்பை மட்டுமே படிக்கிறது. நேற்றைய கோப்பு அதற்குத் தெரியாது. ஆகவே ‘ரிசர்வ்டு’ என்று அந்த எண்ணைப் பூட்டி, வரலாற்றையும் கோப்புக்குள்ளேயே எழுத வேண்டியிருக்கிறது.

வராத மதிப்பின் கதை இன்னும் சிக்கலானது. தொடக்கத்தில் ஒரு புலத்தைக் கட்டாயம் என்று குறிக்க முடிந்தது. பின்னர் அந்தப் புலத்தை நீக்கினால், பழைய வரையறையோடு இயங்கும் பெறுநர்கள் முழுச் செய்தியையும் நிராகரித்துவிடுவார்கள். 2016இல் வந்த மூன்றாம் பதிப்பு கட்டாயத்தைக் கைவிட்டது, சரியான முடிவுதான். ஆனால், எளிய எண் புலங்களில் மதிப்பு வந்ததா இல்லையா என்று அறியும் வழியையும் சேர்த்தே அகற்றியது. இருப்பு 0 என்பதும் இருப்பு சொல்லப்படவில்லை என்பதும் ஒன்றாயின. எண்ணை மட்டும் சுமக்கும் தனிச் செய்தி வகைகளால் நிரலாளர்கள் ஒப்பேற்றினார்கள். 2021இல், மதிப்பு வந்ததா என்று அறிய உதவும் ‘ஆப்ஷனல்’ என்ற குறிச்சொல் முறையாகத் திரும்பியது. 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்ததா வரவில்லையா என்று அறிவதே இயல்புநிலை ஆகிவிட்டது. எளிமைக்காகத் துறந்ததைச் சில ஆண்டுகளில் மீண்டும் ஏற்றுக்கொண்டதை வடிவமைப்பாளர்களின் தடுமாற்றம் என்று நான் கருதவில்லை; வராத மதிப்பும் தரவின் ஒரு பகுதியே என்பதற்கான ஒப்புதல் அது.

பழைய, புதிய கோப்புகளை ஒப்பிட்டு முரண்பாட்டைக் காட்டும் கருவிகள் இருக்கும்போது இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். எண் மாறினாலும் வகை மாறினாலும் அவை பிடித்துவிடும் என்பது உண்மை. ரூபாயில் இருந்த ‘தொகை’ அதே எண்ணிலும் வகையிலும் பைசாவாக மாறினால் எந்தக் கருவியும் அதைக் கண்டுபிடிக்காது. பெயரைத் ‘தொகை_பைசா’ என்று மாற்றினால், உருவாகும் நிரலில் அந்தப் புலத்தை அணுகும் செயற்கூறுகளின் பெயர்கள் மாறும். பழைய பெயரில் அழைக்கும் இடங்கள் ஜாவாவில் தொகுப்பின்போதே முறியும். அது நன்மைதான். ஆனால் பெயர் பைட்டுகளில் போகாததால், இன்னும் மாற்றப்படாத ஓர் அனுப்புநரின் 500 ரூபாய் மறுமுனையில் 500 பைசாவாகவே வாசிக்கப்படும். பெயரோடு எண்ணும் புதிதாக வேண்டும். பழைய எண்ணைப் பூட்டவும் வேண்டும்.