புழங்கித் தேய்ந்த நினைவுக் காசுகள்

2025 ஜூலை 27 அன்று, ஆடித் திருவாதிரை விழாவின் நிறைவு நாளில், அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் ராஜேந்திர சோழன் நினைவாக ஒரு நாணயத்தைப் பிரதமர் வெளியிட்டார். அந்த நாணயம் ஜெயங்கொண்டம் கடைத்தெருவின் எந்தக் கல்லாப்பெட்டியிலும் விழப்போவதில்லை. மளிகை வாங்கிய பாக்கிச் சில்லறையாக யார் கையிலும் ஏறப்போவதில்லை. நாணயச் சாலை பேழையில் வைத்து, முகமதிப்புக்கு மேலே விலை சொல்லி, ஆர்வலர்களுக்கு விற்கும் வகையைச் சேர்ந்தது அது. அந்த ஊரை எழுப்பிய அரசனோ தன் வெற்றியை வேறு விதமாகக் காசில் ஏற்றினான். சோழரின் புலி, பாண்டியரின் மீன், சேரரின் வில் மூன்றையும் குடை நிழலில் பொறித்து, சுற்றிலும் நாகரி எழுத்தில் 'கங்கைகொண்ட சோழ' என்று எழுதிய பொன், வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. 1023 வாக்கில் நடந்த வடதிசைப் படையெடுப்பின் நினைவு அது. ஆனால் அது அலமாரிப் பொருளாக அச்சாகவில்லை, பணமாகவே அச்சானது. கைமாறாத நினைவு நாணயம் பாதி நினைவு நாணயம்தான் என்பது என் கட்சி. கையில் அதிகம் பணமில்லாத சேகரிப்பாளர் பளபளப்பை விட்டுவிட்டுத் தேய்ந்ததைத் தேடினால், வரலாற்றுக்குப் பக்கத்தில் நிற்பார். வசதியில்லாதவருக்கு ஆறுதலாக இதைச் சொல்லவில்லை. வசதியுள்ளவருக்கும் இதைத்தான் சொல்வேன்.

சோழர் காலத்துச் சாதாரண மக்களின் கையில் புழங்கியது பொன் அல்ல, செம்பு. ராஜராஜன் பெயர் தாங்கிய செப்புக் காசில் ஒரு பக்கம் நின்ற உருவம்; மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கைக்கருகே நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ'. நின்றவர் யார், அமர்ந்தவர் யார் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இந்த அச்சு எவ்வளவு பரவியது என்றால், பொலன்னறுவையில் ஆண்ட பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி ஆகியோர் தம் பெயரை மட்டும் மாற்றி இதே உருவங்களைத் தம் செப்புக் காசிலும் வைத்துக்கொண்டார்கள். இன்று கிடைக்கும் ராஜராஜன் காசுகளில் பல, உருவம் வெறும் கோடாகி, எழுத்து மேடு தட்டிப்போனவை. இந்தத் தேய்மானத்தை அந்தக் காலத்தவரும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். சோழர் கல்வெட்டுகள் 'பழங்காசு' என்றும் 'அன்றாடு நற்காசு' என்றும் பிரித்து எழுதுகின்றன. நிலம் விற்கும்போதும் விளக்குக்குக் கொடை எழுதும்போதும் எந்தக் காசு என்று சொல்லாமல் அவர்களால் ஆவணம் எழுத முடியவில்லை. பெருவுடையார் கோயிலின் பெருமை கல்லில் நிற்கிறது. அந்தப் பேரரசின் அன்றாடம் இந்த மழுங்கிய செம்பில்தான் இருக்கிறது.

சுதந்திர இந்தியா நினைவு நாணயம் தொடங்கியபோது ஏறக்குறைய இந்தப் பழைய வழியிலேயே போனது. 1964இல் நேரு மறைந்ததும் ஒரு ரூபாயிலும் ஐம்பது காசிலும் அவர் முகம் வந்தது. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு இருபது காசிலிருந்து பத்து ரூபாய் வெள்ளி வரை அச்சிட்டார்கள். அச்சான ஆண்டு அதில் கிடையாது. 1869-1948 என்று அவர் வாழ்நாள் மட்டுமே. பிறகு உணவு உற்பத்தி, குடும்ப நலம், கிராமப் பெண்கள் முன்னேற்றம், ஆசிய விளையாட்டு என்று அரசு சொல்ல விரும்பியதெல்லாம் பத்துக் காசிலும் இருபத்தைந்து காசிலும் ஏறியது. துவரங்குறிச்சிச் சந்தைக்கும் பெரம்பலூர்ப் பேருந்துக்கும் அவை போயிருக்கும். படிக்கத் தெரியாதவர் சுருக்குப்பையிலும் கிடந்திருக்கும். 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதற்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நாணயங்கள் வந்தன. அதே ஆண்டுதான் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அரியலூர் 2001இல் தனியாகி, அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டமானது. இந்தப் பிரிவுகளுக்கும் சேர்க்கைக்கும் நடுவே அந்தப் பதினொரு முனை இரண்டு ரூபாய்கள் இந்த மண்ணில் கைமாறிக்கொண்டே இருந்தன. 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கு ஐந்து ரூபாய் நாணயம் புழக்கத்துக்கு வந்தது. கூடவே 35 கிராம் எடையில், எண்பது சதவீதம் வெள்ளி கலந்து, நாட்டின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயமும் வந்தது. இரண்டும் ஒரே கோயிலைத்தான் சொல்கின்றன. ஆனால் ஐந்து ரூபாயைக் கேட்டால் அது எங்கெங்கே போனது என்று சொல்லும். ஆயிரம் ரூபாய்க்குச் சொல்ல ஒன்றுமில்லை.

'கேட்டால் சொல்லும்' என்பது அலங்காரப் பேச்சு இல்லை. நாணயத்தில் மேடான இடம் முதலில் தேயும்: கன்னம், மூக்கு, தலைமுடி, முட்டி, மறுபக்கம் அசோகச் சிங்கங்களின் முகம். விளிம்பின் காவலில் இருக்கும் எழுத்து கடைசியில்தான் போகும். ஆண்டுக்குக் கீழே உள்ள நாணயச் சாலைக் குறியும் அப்படித்தான் தப்பிப் பிழைக்கும். சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. முகம் மழுங்கி, குறி மட்டும் தெளிவாக நிற்கும் வள்ளுவர் காசு எங்கே பிறந்தது, ஏறக்குறைய எவ்வளவு உழைத்தது என்ற இரண்டையும் ஒருசேரக் காட்டுகிறது. தேயாமல் இருப்பதும் ஒரு செய்திதான். பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 75ஆம் ஆண்டு, நாடாளுமன்றத்தின் அறுபது ஆண்டு, அம்பேத்கரின் 125ஆம் பிறந்த ஆண்டு என்று விதவிதமான வடிவங்கள் வந்ததாலேயே, எது நிஜம் எது போலி என்ற சந்தேகம் கிளம்பியது. தமிழ்நாட்டில் கடைக்காரரும் நடத்துநரும் வாங்க மறுத்தார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்ட பிறகும் தயக்கம் உடனே தீரவில்லை. அந்த ஆண்டுகளின் பத்து ரூபாய் ஒன்று நம் ஊர்ப்பக்கம் புதுக்கருக்கு அழியாமல் கிடைத்தால், யாரோ போற்றிப் பாதுகாத்ததாக நினைக்க வேண்டாம். வாங்க ஆள் இல்லாமல் டப்பாவில் கிடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவில் இது தலைகீழாக நடந்தது. 1892, 93ஆம் ஆண்டுகளில் சிகாகோ கண்காட்சிக்காகக் கொலம்பஸ் முகத்தோடு அரை டாலர் அடித்து, ஒரு டாலருக்கு விற்கப் பார்த்தார்கள். விற்றது கொஞ்சம், மிஞ்சியதில் ஒரு பகுதியை உருக்கி, மற்றதை முகமதிப்புக்கே புழக்கத்தில் விட்டார்கள். அதனால்தான் நூறு வருஷம் தாண்டிய அந்த வெள்ளிக் காசு தேய்ந்த நிலையில் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. விலை போகாத நினைவு எப்படிச் சில்லறையானது என்ற கதை அந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது. 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையிலான தர அளவில், இன்ன காசு என்று கண்டுபிடிக்க மட்டும் முடிகிற நிலைக்கு 1. அந்த ஒன்றாம் எண்ணையே தேடிச் சேர்க்கும் கூட்டமும் அங்கே உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கடைசி மதிப்பெண்ணுக்குப் போட்டி போடுவது முதல் மதிப்பெண்ணுக்குப் போட்டி போடுவதன் மறுபக்கம்தானே.

இதற்கு மறுப்புகள் உண்டு. விலை ஏறாத பொருளை எதற்குச் சேர்க்க வேண்டும் என்பது முதல் மறுப்பு. ஏறாதுதான். பெரும்பாலான தேய்ந்த நினைவு நாணயங்கள் முகமதிப்பை ஒட்டியே நிற்கும். வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சம் கிடைக்கும் என்று கைபேசியில் சுற்றும் கதையை நம்பி முன்பணம் கட்டியவர்கள்தான் ஏமாந்தார்கள். இப்படித் தன் பெயரைச் சொல்லி நடக்கும் மோசடியை எச்சரித்து 2021இல் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. லாபக் கணக்கு போடுகிறவருக்கு இந்தப் பழக்கம் வேண்டாம். இன்னொரு மறுப்பு கனமானது: வள்ளுவர் காசைக் கொடுத்து டீ குடித்தவர் வள்ளுவரை நினைத்தாரா? நினைத்திருக்க மாட்டார். அப்படியானால் தேய்மானம் காட்டுவது நினைவை இல்லை, மறதியைத்தானே? சரியான கேள்வி. ஆனால் நினைவு நாணயம் நம்மிடம் கேட்பது தியானத்தை இல்லை. ஒரு பெயரை, ஒரு முகத்தை, அதைப்பற்றி யோசிக்காதவர் கையிலும் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. 2009இல் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே கண்ட இடத்தில் தமிழ் எழுத்து ஏறியது சின்ன விஷயமில்லை. அது விழா மேடையோடு நிற்காமல் காய்கறிக் கடை வரைக்கும் போனது என்பதற்கு மழுங்கிய அண்ணா காசைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? ராஜேந்திரனின் காசை வாங்கிய வணிகனும் முதலில் எடையைத்தான் பார்த்திருப்பான், கங்கையைப் பிறகுதான்.

ஆகவே சேகரிக்க நினைப்பவருக்குச் சில வார்த்தைகள். 1964க்குப் பிந்தைய புழக்க நாணயங்களோடு நின்றுகொள்ளுங்கள். பாக்கிச் சில்லறையைப் புரட்டிப் பார்ப்பதும் தெரிந்த கடைக்காரரிடம் சொல்லி வைப்பதுமே போதும். இருபத்தைந்து காசும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது; அவை இனித் தேயப்போவதில்லை, கிடைக்கும்போதே வாங்கிவிடுங்கள். புளி, சாம்பல், பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். அழுக்கும் அதன் வரலாற்றில் ஒரு பகுதி. எந்த ஊரில், எந்த ஆண்டில் கைக்கு வந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். சோழர் செப்புக் காசு விஷயத்தில் மட்டும் ஆசையை அடக்குங்கள். எங்கே தோண்டியது என்று தெரியாத காசு பாதி ஊமை. அதை வாங்குவது அடுத்த குழியைத் தோண்டச் சொல்வதற்குச் சமம். உங்கள் நிலத்திலேயே உழும்போது பழங்காசு கிடைத்தாலும், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.