இடுக்கண் வென்ற சிந்தாமணி

துன்பத்தில் தளராதிருத்தல் வேறு. துன்பமே இல்லை என்று பாவித்தல் வேறு. சமண அறம் இரண்டாவதைக் கற்பிப்பதில்லை. பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம், பிறர் கூறும் வசைமொழி முதலாகத் துறவோர்க்கு நேரும் பரீஷகங்கள் 22 என எண்ணிக் காட்டி, அவற்றைச் சமநிலையோடு பொறுத்து மேற்கொண்ட நெறியில் தொடர்க என்றே அது பணிக்கின்றது. இப்பண்பைச் சீவக சிந்தாமணியின் கதையில் காணலாம். அந்நூல் அழியாமல் நமக்குக் கிடைத்த வரலாற்றிலும் காணலாம்.

திருத்தக்கதேவர் இயற்றிய அக்காப்பியம் பேரிடர் ஒன்றோடு தொடங்குகின்றது. அமைச்சன் கட்டியங்காரனின் வஞ்சத்தால் ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் மடிகின்றான். நிறைசூலியாகிய விசயை மயிற்பொறியில் தப்பிச் சென்று, இடுகாட்டில் சீவகனை ஈன்றெடுக்கின்றாள். இறந்த தன் மகவை அடக்கம் செய்ய அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் அக்குழந்தையை எடுத்துச் சென்று வளர்க்கின்றான். விசயை அழாமல் இருக்கவில்லை. ஆயினும் மகன் தக்கவர் கையில் சேர்ந்ததைக் கண்ட பின்னரே தவப்பள்ளி நோக்கிச் செல்கின்றாள். அந்த மகனே பின்னாளில் தந்தையின் நாட்டை மீட்டு, ஆண்டு, இறுதியில் அனைத்தையும் துறந்து வீடுபேறு எய்துகின்றான்.

அரசர்களின் ஆதரவு குறைந்து, பள்ளிகள் பல கைவிடப்பட்ட நூற்றாண்டுகளிலும் தமிழ்ச் சமணர் இந்நூலைக் கைவிடவில்லை. பனையோலை நெடுங்காலம் நிலைப்பதன்று. செல்லும் ஈரமும் அதனை அரித்துவிடும். தலைமுறைதோறும் யாரேனும் ஒருவர் அமர்ந்து படியெடுத்தால்தான் நூல் வாழும். உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திர தானத்தையும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாகக் கொண்ட சமுதாயத்திற்கு அப்பணி அறமாகவே அமைந்தது. தாம் எழுதும் ஏட்டை நாளை யார் படிப்பார் என்பதை அறியாமலே அவர்கள் எழுதினர்.

அவ்வுழைப்பின் பயன் 1880ஆம் ஆண்டிற்குப் பின் வெளிப்பட்டது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரை, அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். சைவச் சூழலில் பயின்ற ஐயர் அதுவரை அதனைப் படித்ததில்லை. ஏட்டை எடுத்துப் பார்த்தபோது, நச்சினார்க்கினியர் உரை இருந்தும், சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. கற்றறிந்த புலவர் பலராலும் அவற்றை விளக்க இயலவில்லை.

விடை அவ்வூரிலேயே இருந்தது. கும்பகோணத்துச் சமணர் இல்லமொன்றை அவர் அடைந்தபோது, அங்குச் சிந்தாமணி படித்து முடித்த நிறைவு விழா நிகழ்ந்துகொண்டிருந்தது. அரிய பழஞ்சுவடியென்று அவர் கருதிய நூல், அவர்களிடத்தில் வழிபாட்டிற்குரிய பாராயண நூலாக உயிரோடு வாழ்ந்தது. சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்கள் அவருடைய ஐயங்களைப் பொறுமையுடன் தீர்த்தனர். வேற்றுச் சமயத்தவர் என்று அவரை விலக்கவில்லை. அவருடைய ஆர்வத்தைக் கண்டு, இவர் பவ்விய ஜீவன் என்று பாராட்டினர்.

பதிப்புப் பணியில் இடையூறுகள் தொடர்ந்தன. ஏடுகளில் பாடவேறுபாடுகள் மலிந்திருந்தன. பொருள் முட்டுப்பாடு ஒருபுறம். சைவர் ஒருவர் சமண நூலை அச்சிடலாமா என்ற கண்டனம் மறுபுறம். எனினும் 1887இல் நூல் வெளிவந்தது. அதன் பின்னும் குறைகூறல் ஓயவில்லை. மறுப்பு எழுத முற்பட்ட ஐயரைச் சாது சேஷையர் தடுத்து, அக்காலத்தைப் பயனுள்ள பணியில் செலவிடுமாறு அறிவுறுத்தினார். ஐயர் அதனை ஏற்றார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என அடுத்தடுத்து நூல்கள் வெளிவந்தன.

ஐயர் பெற்ற புகழைத் தமிழகம் நன்கு அறியும். பெயர் குறிக்காமல் ஏடெழுதிச் சென்ற முன்னோரையும், பொருளுணர்ந்து ஓதிவந்த இல்லத்தாரையும் அறிந்தோர் சிலரே. காலம் மாறும் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வாளா இருக்கவில்லை. காலம் மாறும்போது கையில் நூல் இருக்கவேண்டும் என்று உழைத்தனர். நன்னம்பிக்கை என்பது அதுவே. விழாக் காலங்களில் சுவடிகளை வணங்குவதோடு அமையாமல், அவற்றைத் திறந்து படிப்பதும், இளையோர்க்குப் பொருள் உரைப்பதும், அம்முன்னோர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.