சுவரை வைத்தே சித்திரம்

கொல்லிமலை, பாவை உறையும் மலை என்று பழந்தமிழ்ப் புலவரால் போற்றப்பெற்றது. வல்வில் ஓரி ஆண்ட அம்மலையில் தெய்வத்தால் ஆக்கப்பெற்ற பெண்ணுருவம் ஒன்று உண்டென்றும், காற்று மோதினும், மழை பொழியினும், இடி முழங்கினும், நிலம் நடுங்கினும் அதன் எழில் சிறிதும் குன்றாதென்றும் அவர்கள் பாடினர். நற்றிணைச் செய்யுள் ஒன்று அப்பாவையின் ஆக்கத்தை 'எழுதுதல்' என்னும் வினையாலேயே சொல்கின்றது. ஓவியந் தீட்டுதலை எழுதுதல் என்பது தமிழ் மரபு. ஆதலின் கொல்லிப்பாவையைத் தமிழர் நினைவில் நிலைத்த முதற் சித்திரங்களுள் ஒன்றெனக் கொள்ளுதல் தவறாகாது.

ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு என்றவாறு 'நாடு' என்னும் பழம்பெயரை இன்றளவும் விடாது தாங்கி நிற்பவை அம்மலையின் ஊர்த்தொகுதிகள். வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் எழுந்தருளி அருள்பாலிக்கின்றார். மழையும் பனியும் மாறிமாறி வரும் இம்மலையில் எந்தச் சுவரும் தானாக நெடுநாள் நில்லாது. காரை உதிரும், மீண்டும் பூசவேண்டும். தெய்வம் எழுதிய பாவைக்கு மறுபூச்சு வேண்டியதில்லை. மனிதன் எழுதுவதற்கோ அது வேண்டும். இவ்வேறுபாட்டிலிருந்தே ஓவியக்கலையின் நுட்பமும் திருப்பணி என்னும் அறமும் ஒருங்கே பிறந்தன எனலாம்.

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும்' என்பது பழமொழி. உடலைப் பேணுக என்பதற்கு இதனை உவமையாகக் கூறுவர். ஆயினும் ஓவியர்க்கு இஃது உவமையன்று, நேர்ப்பொருளேயாம். கண்ணுக்குப் புலப்படும் வண்ணம் ஓவியத்தின் மேற்றோல் மட்டுமே. அதன்கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பூச்சுகளே அதனைத் தாங்குகின்றன. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி, வண்ணத்தைக் கூறுவதோடு நில்லாமல் சுவரைப் பக்குவம் செய்யும் முறையையும் விரித்துரைக்கின்றது. செங்கற்பொடி, களிமண், குங்குலியம், மெழுகு முதலியவற்றைச் சேர்த்துப் பூச்சு அமைக்கும் வகை அதிற் கூறப்பெற்றுள்ளது. தொண்டை நாட்டில் முதலாம் மகேந்திரவர்மன் 'சித்திரகாரப்புலி' என்னும் விருதுப்பெயர் பூண்டு விளங்கினான். குடைவரைக் கோயில் கண்ட அம்மன்னன் ஓவியத்திலும் வல்லவன் என்பதை அவ்விருதே உணர்த்தும்.

இக்கலையின் உச்சியைத் தஞ்சைப் பெருவுடையார் கோயிலிற் காணலாம். முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டில் நிறைவுசெய்த அக்கோயிலின் கருவறையைச் சூழ்ந்து, இருண்ட உட்சுற்று ஒன்று உள்ளது. அதன் சுவர்களில் தென்முகக் கடவுள், முப்புரம் எரித்த பெருமான், தில்லைக்கூத்தன், சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை செல்லும் காட்சி ஆகியவை எழுதப்பெற்றுள்ளன. சோழ நாட்டு ஓவியர் கருங்கற் சுவரின்மீது முதலில் மணல் கலந்த பருஞ்சுதையைப் பூசினர். அதன்மேல் மெல்லிய வெண்சுதையை இழைத்து மெருகேற்றினர். அச்சுதை உலர்வதற்கு முன்னரே வண்ணம் எழுதினர். சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் 1930-களில் ஆராய்ந்து இம்முறையை விளக்கினார்.

ஈரச்சுதையில் எழுதுவதன் பயன் யாது? நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகின்றது. அவ்வாறு மாறும்போது தன்மீது படிந்த வண்ணத்துகளையும் தன்னுள் பிணைத்துக்கொள்கின்றது. பசையின்றியே வண்ணம் கல்லோடு கல்லாகிவிடுகின்றது. ஆனால் இம்முறையில் ஓவியனுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. சுதை உலர்வதற்குள் கை முடித்தாகவேண்டும். பிழை நேரின் அழித்தெழுத இயலாது. மேலும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கவல்ல காவி, மஞ்சட்காவி, பச்சைமண், கரி போன்றவற்றையே பெரிதும் கொள்ளவேண்டும். இத்துணைக் கட்டுப்பாட்டுக்குள் நின்று, விளக்கொளியையே துணையாகக் கொண்டு எழுதிய அவ்வோவியர் எவ்வளவு பக்தியும் பயிற்சியும் உடையராய் இருந்திருத்தல் வேண்டும்!

பல நூற்றாண்டுகள் கழிந்தன. தஞ்சை நாயக்கர் காலத்தில் அச்சுவர்கள் மீண்டும் திருப்பணிக்கு உரியவாயின. நாயக்கர் காலத்து ஓவியர் பழைய சுதையை அறவே பெயர்த்தெறியாமல், அதன்மேலேயே புதுச்சுதை பூசித் தம் காலத்துக் காட்சிகளை எழுதினர். கீழே சோழர் ஓவியம் ஒன்று உறங்குகின்றது என்பதை உலகம் மறந்தது. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அவ்விருண்ட சுற்றினுள் விளக்கோடு புகுந்து நோக்கினார். மேற்பூச்சு பெயர்ந்த இடத்தில் வேறொரு காலத்துக் கோடும் வண்ணமும் அவர் கண்ணிற்பட்டன. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முந்திய சோழர் ஓவியம் இவ்வாறு வெளிப்பட்டது.

பின்னர் ஓர் அரிய சிக்கல் எழுந்தது. கீழ் ஓவியத்தைக் காண விரும்பின் மேல் ஓவியத்தை நீக்கவேண்டும். அதுவும் பக்தியோடு எழுதப்பெற்ற பழம்பொருளன்றோ? சோழனுக்காக நாயக்கனை அழிப்பது முறையாகுமா? இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் வல்லுநர்கள் இரண்டையும் காக்கும் வழி கண்டனர். நாயக்கர் கால மேற்பூச்சைச் சிதையாமல் தனியே பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளிற் பதித்தனர். கீழிருந்த சோழர் ஓவியமும் தன் இடத்திலேயே வெளிப்பட்டது. ஓரடுக்கைப் போற்றுவதற்கு மற்றோரடுக்கை இகழவேண்டியதில்லை என்னும் பாடத்தை அப்பணி கற்பித்தது.

காஞ்சி கயிலாசநாதர் கோயிலின் வரலாறும் இதனை ஒத்ததே. இராசசிம்மப் பல்லவன் எடுப்பித்த அக்கோயிலின் திருச்சுற்றை ஒட்டிய சிறு கோட்டங்களில் பல்லவர் கால ஓவியங்கள் இருப்பதைப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டு 1931-ஆம் ஆண்டில் உலகறியச் செய்தார். பிற்காலத்துச் சுண்ணப்பூச்சின்கீழ் மறைந்து கிடந்த அவை, இன்று சிதைந்த கோடுகளாகவும் வண்ணத் திட்டுகளாகவுமே எஞ்சியுள்ளன. உமையும் கந்தனும் உடனுறையும் சோமாஸ்கந்தத் திருவுருவின் எஞ்சிய பகுதியைக் காண்போர், இழந்தது எவ்வளவு என்பதை ஒருவாறு உணர்வர்.

இவ்வடுக்குமுறை சுவருக்கு மட்டும் உரியதன்று, பலகைக்கும் உரியது. பலகையில் எழுதிய படத்திற்கும் கும்பாபிஷேகத்திற்கும் நெருங்கிய தொடர்புண்டு. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் அமைத்து, மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தை அத்திப் பலகையில் எழுதிய திருவுருவில் எழுந்தருளச் செய்யும் வழக்கத்தை அன்பர் பலரும் அறிவர். திருப்பணி முடியுமளவும் அச்சித்திரமே ஆண்டவன் இருப்பிடம். குற்றாலத்துச் சித்திரசபையிலோ ஆடல்வல்லான் சுவரோவியமாகவே எழுந்தருளி என்றும் வழிபாடு ஏற்கின்றான். ஓவியம் கோயிலின் அணியலங்காரம் மட்டுமன்று, இறைவன் திருமேனியும் ஆகும் என்பதற்கு இவையே சான்று.

மராட்டிய மன்னர் காலத்தில், சிறப்பாக இரண்டாம் சரபோஜியின் நாளில் (1798–1832), தஞ்சாவூர்ப் பலகைப்படம் பெருவளர்ச்சி பெற்றது. மரப்பலகையின்மேல் துணி ஒட்டப்பெறும். துணியின்மேல் சுண்ணத்தூளும் பசையும் கலந்த பூச்சு பலமுறை இடப்பெற்றுத் தேய்த்து மழமழப்பாக்கப்படும். அதன்மேல் கோட்டுருவம் வரைவர். அணிகலன், திருவாசி, மண்டபத் தூண் ஆகிய இடங்களில் சுக்கான்தூட் பசையைத் திரட்டிப் புடைப்பாக அமைப்பர், மணிக்கற்களைப் பதிப்பர், பொற்றகடு ஒட்டுவர். வண்ணந்தீட்டித் திருமுகம் எழுதுவது பின்னரே. அடிப்பூச்சு ஒன்று ஈரம் காயுமுன் அடுத்தது இடப்பெறின், சில ஆண்டுகளிலேயே படம் வெடித்துவிடும். பொறுமையே இக்கலையின் முதற்கருவி.

இம்முறைக்கு ஒப்புமை தொலைநாட்டிலும் உண்டு. ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டளவில் இத்தாலி நாட்டு ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கைந்நூல், பலகைமேல் துணி ஒட்டுதல், வெண்பூச்சுப் பலமுறை இடுதல், பொற்றகடு பதித்தல், அதன்பின் வண்ணந்தீட்டுதல் என்னும் வரிசையையே கூறுகின்றது. அந்நாட்டுத் திருக்கோயிற் சுவர்களிலும் பருஞ்சுதை, மென்சுதை என்னும் இருபூச்சின்மேல் ஈரத்திலேயே எழுதினர். கடவுளை எழுத முற்பட்ட கைகள், கடல் கடந்தும் ஒரே உண்மையைக் கண்டுணர்ந்தன: அடி உறுதியாயின் முடி ஒளிரும்.

துணியில் எழுதும் முறையோ சற்று வேறுபட்டது. சிக்கல்நாயக்கன்பேட்டை, கருப்பூர் முதலிய ஊர்களின் கலம்காரிக் கைவினைஞர் கோயில்களுக்கு வேண்டும் தொம்பைகளையும் மேற்கட்டித் துணிகளையும் எழுதி வந்தனர். இங்கே அடுக்கு மேலே படியாது, உள்ளே ஊறும். கடுக்காய்ச் சாற்றில் துணியைத் தோய்த்து உலர்த்துவர். இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கோடிழைப்பின், அது கடுக்காயின் துவர்ப்போடு கூடிக் கருமையாகும். படிகாரம் பூசிய இடத்தில் மட்டும் சாயவேரின் செம்மை பற்றும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒருமுறை துணி நீரையும் வெயிலையும் கண்டு மீளவேண்டும். முந்திய சாயம் நன்கு பற்றாவிடின் பிந்திய சாயம் பயன்படாது.

கோபுரங்களில் விளங்கும் சுதையுருவங்களும் செங்கல், பருஞ்சாந்து, மென்சாந்து, வண்ணம் என்னும் அடுக்குகளாலேயே உருப்பெறுகின்றன. திருவரங்கத்துப் பெரிய பெருமாள் திருமேனி சுதையாலானது. ஆதலின் அத்திருமேனிக்கு நீர்த்திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பே சாத்தப்பெறுகின்றது. பூச்சின் இயல்பறிந்து வழிபாட்டு முறையையே வகுத்தனர் முன்னோர். பொருளின் தன்மையை மதித்தல் அவர்க்குப் பக்தியின் ஒரு கூறாகவே இருந்தது.

கும்பாபிஷேகத்தின் உட்பொருளும் இதுவேயாகும். பழுதுற்றவற்றைப் புதுக்கிச் செய்யும் குடமுழுக்கைப் புனராவர்த்தம் என்பர். பீடத்தையும் திருமேனியையும் பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தில் கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்குலியம், தேன்மெழுகு முதலியவை சேர்கின்றன. ஓவியனின் பூச்சிலும் பலகையிலும் கண்ட பொருள்கள் இங்கும் வருதல் நோக்கத்தக்கது. மருந்து தேய்ந்தால் புதிது சாத்துவர். அதற்காக மூலமூர்த்தியை மாற்றுவதில்லை. தேய்ந்ததைப் புதுக்குக, மூலத்தைக் காக்க என்பதே ஆகமம் காட்டும் நெறி.

இந்நெறி சுவரோவியத்தில் மட்டும் பலவிடங்களில் மறக்கப்பட்டது. திருப்பணி என்னும் பெயராலேயே பழைய ஓவியங்கள் சுரண்டப்பட்டதும், அவற்றின்மேல் வெள்ளையடிக்கப்பட்டதும், எனாமல் வர்ணம் பூசப்பட்டதும் தமிழகம் கண்ட துயரங்கள். இவற்றைச் செய்தவர் பகைவர் அல்லர். கோயில் பொலிவுபெற வேண்டுமென்று பொருளை வாரி வழங்கிய அன்பர்களே. அதனாலேயே இத்துயரம் மிகப் பெரிது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை ஏற்று வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டோ எனாமலோ படியின் ஈரம் உள்ளேயே தங்கும்; உப்புப் பூக்கும்; பூச்சு உப்பி உதிரும்; அதனோடு பழைய ஓவியமும் மண்ணாகும். மழைவளம் மிகுந்த கொல்லிமலை போன்ற இடங்களில் இக்கேடு இன்னும் விரைந்து வரும்.

இதனைத் தடுக்கும் வழி அரிதன்று. சுவரில் கைவைக்கும் முன்னரே ஒருவர் விளக்கோடு சென்று, பெயர்ந்த விளிம்புகளையும் இருண்ட மூலைகளையும் நோக்குதல் வேண்டும். பூச்சின்கீழ் ஒரு கோடோ நிறமோ தென்படின் வேலையை நிறுத்தி, நிழற்படம் எடுத்துவைத்து, தொல்லியல் வல்லுநரின் கருத்தைப் பெறுதல் வேண்டும். புதுப்பூச்சுக்கு ஒதுக்கிய பொருளில் ஒரு பகுதியைப் பழம்பூச்சைக் காப்பதற்கும் ஒதுக்குதல் வேண்டும்.

புதிதாய்ப் பூசிய சுவரில் கொடையாளர் பெயர் பொறிக்க இடமுண்டு. காத்த ஓவியத்தில் பெயர் பொறிக்க இடமில்லை. ஆதலின் பின்னையதற்குக் கொடுப்போர் சிலராகவே உள்ளனர். தஞ்சையில் இராசராசன் தான் கொடுத்தவற்றையும், தமக்கையாரும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். ஆயினும் அவ்விருண்ட சுற்றில் ஈரச்சுதை உலருமுன் விரைந்து எழுதிய ஓவியர் பெயர் எச்சுவரிலும் விளங்கவில்லை. பெயர் வேண்டாது செய்த அத்தொண்டினைப் பெயர் வேண்டாது காப்பதே அதற்கேற்ற கைம்மாறு.

கொல்லிப்பாவை காற்றுக்கும் மழைக்கும் அசையாது நின்றது என்பர். மனிதன் எழுதிய பாவைகட்கு அத்தகைய வரம் இல்லை. அவற்றுக்கு வாய்த்த வரம், தலைமுறைதோறும் அவற்றைப் பேணும் அன்பர் கூட்டமே. ஆலத்தூர் நாடு முதலாக எந்நாட்டிலும் திருக்குடமுழுக்கிற்குப் பொருளும் உழைப்பும் வழங்கும் மெய்யன்பர்கள், புதியது படைக்கும் புண்ணியத்தோடு பழையது காக்கும் புண்ணியத்தையும் எய்துவார்களாக. அதற்கு இறைவன் திருவருள் என்றும் துணைநிற்பதாக.