வாசலில் யாரை எங்கே அனுப்புவது?

வங்கியிலோ ரயில் முன்பதிவிலோ நம் கணக்கு இருப்பது ஒரே கணினியில் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பெரிய இடங்களில் அப்படி இல்லை. ஒரே பேரேட்டைப் பல கணினிகள் சேர்ந்து திறந்து வைத்திருக்கும். ஆங்கிலத்தில் கிளஸ்டர். நான் படித்த பிரெஞ்சில் 'கிராப்', அதாவது திராட்சைக் குலை. எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

1983-ல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 'வாக்ஸ்கிளஸ்டர்' என்ற குலையை அறிவித்தது. வருகிற ஆளை எந்தக் கணினிக்கு அனுப்புவது? அவர்கள் செய்த ஏற்பாடு அழகானது. ஒவ்வொரு கணினியும் தன்னால் இன்னும் எவ்வளவு தாங்க முடியும் என்று 0 முதல் 255 வரை ஒரு மதிப்பெண்ணை அவ்வப்போது அறிவிக்கும். டெர்மினல்களை இணைக்கும் பெட்டி, அதிக மதிப்பெண் சொன்ன கணினிக்கு ஆளை அனுப்பும்.

பிறகு இன்டர்நெட் வந்தது. அங்கே பெயரைக் கேட்டால் முகவரிகளைச் சுழற்றிச் சுழற்றிக் கொடுத்தார்கள். முதல் ஆள் இங்கே, அடுத்த ஆள் அங்கே. அந்தக் கணினி உயிரோடு இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் இது பின்னோக்கிப் போனதுதான்.

2001-ல் ஆரக்கிள் நிறுவனம் 'ரியல் அப்ளிகேஷன் கிளஸ்டர்ஸ்' கொண்டுவந்தது. வாசலில் 'லிசனர்' என்றொரு காவலாள். கணினிகள் தங்கள் சுமையை அவனிடம் சொல்லும், அவன் ஆளைப் பிரித்து அனுப்புவான். ஆனால் டேட்டாபேஸ் இணைப்பு என்பது டோக்கன் வாங்கிப் போகிற வேலை அல்ல. காலையில் திறந்த இணைப்பு மாலை வரை நிற்கும். இரண்டு கணினியிலும் தலைக்கு நூறு பேர் இருக்கலாம். இங்கே நூறு பேரும் பாக்கித்தொகை பார்க்கிறவர்கள், அங்கே பத்துப் பேர் மாதக்கடைசிக் கணக்கு முடிக்கிறவர்கள். எண்ணிக்கை சமம், வேலை சமமில்லை.

இன்னொரு தொல்லை. ஒரு கணினி படுத்தால் அதன் ஆட்கள் எல்லாம் மற்றதில் ஏறிக்கொள்வார்கள். சரியாகித் திரும்பி வந்தால் அது காலியாகவே உட்கார்ந்திருக்கும். நான் வேலை பார்த்த ஆபீசில் இரண்டாவது கவுன்டரைத் திறந்த நிமிஷமே பாதி வரிசை அங்கே ஓடிவிடும். கணினி இணைப்புகளுக்கு அந்தச் சுறுசுறுப்பு கிடையாது.

ஆரக்கிளின் 10ஜி பதிப்பில் இதற்கு இரண்டு வழி வைத்தார்கள். நெடுநேரம் நிற்கும் இணைப்புகளைத் தலை எண்ணிப் பிரிப்பது. சட்டென்று முடிகிறவற்றை, எந்தக் கணினி நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்துப் பிரிப்பது. 2005-ல் இன்னும் ஒரு படி. எல்லாக் கணினிக்கும் முன்கூட்டியே இணைப்புகளைத் திறந்து கையிருப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலை வரும்போதும் அந்த நேரத்துக்கு எது தோதோ அதை எடுப்பது. வாசலில் ஒரு முறை எடுத்த முடிவு நாள் முழுக்க ஆளைக் கட்டிப்போடுவது அதோடு குறைந்தது.

2009-ல் குலை முழுவதற்கும் ஒரே பெயர், மூன்று முகவரி என்று ஆக்கினார்கள். கணினியைக் கூட்டினாலும் குறைத்தாலும் கேட்கிறவர் பக்கம் எதையும் மாற்ற வேண்டாம். மாதக்கடைசிக் கணக்குக்கென்று ஒரு கணினியைத் தனியாக ஒதுக்கி வைக்கும் வழக்கம் மட்டும் இன்றும் பல இடங்களில் இருக்கிறது.