வைட்டமின் ஈ மாத்திரையும் 35,533 ஆண்களும்

ஆன்டிஆக்ஸிடன்ட்னு ஒரு வார்த்தை. கிரீன் டீ அட்டைப்பெட்டியில் இருக்கு, மாதுளம் ஜூஸ் பாட்டிலில் இருக்கு, மூஞ்சில பூசுற க்ரீம் டப்பாவில் கூட இருக்கு. கூடவே 'புற்றுநோயைத் தடுக்கும்' என்று யாராவது சொல்லிட்டா போதும், வியாபாரம் முடிஞ்சது. இந்த நம்பிக்கை எங்கேயிருந்து வந்தது, யாராவது இதை ஒழுங்கா சோதிச்சுப் பார்த்தாங்களா என்று தேடிப் படிச்சேன். புராஸ்டேட் புற்றுநோய் விஷயத்தில் சோதிச்சிருக்காங்க, அதுவும் பிரமாண்டமா. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க :-)

முதலில் அடிப்படை. 1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினார். நம்ம உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது ஃப்ரீ ரேடிக்கல் என்கிற முரட்டு மூலக்கூறுகள் உண்டாகுது, அதுங்க செல்களைச் சேதப்படுத்துறதாலதான் நமக்கு மூப்பு வருது என்பது அவர் வாதம். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க. அதே சேதம் டி.என்.ஏ.வில் நடந்தால் புற்றுநோய் வரலாம் என்று அடுத்த கட்டத்துக்கும் போனாங்க. அப்படின்னா துருவைத் தடுக்கிற பொருளை உள்ளே அனுப்பினால் நல்லதுதானே? வைட்டமின் ஈ, வைட்டமின் சி, கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டின் எல்லாம் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. செலினியம் என்கிற தாதுவும் சேர்ந்தது, ஏன்னா உடம்பு தானே தயாரிக்கிற ஒரு துரு தடுப்பு என்சைமுக்கு அது தேவை.

காய்கறி, பழம் நிறைய சாப்பிடுறவங்களுக்குச் சில புற்றுநோய்கள் கம்மியா வருதுன்னு கணக்கெடுப்புகளும் சொல்லிச்சு. ஆனா பாருங்க, காய்கறி நிறைய சாப்பிடுற ஆள் பெரும்பாலும் சிகரெட்டும் கம்மியாத்தான் பிடிப்பார், காலையில் வாக்கிங்கும் போவார். நல்லது செஞ்சது கேரட்டா, வாக்கிங்கா? இதைப் பிரிச்சுப் பார்க்க ஒரே வழி, ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டா பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு நிஜ மாத்திரையும் இன்னொரு பக்கத்துக்கு அதே மாதிரி போலி மாத்திரையும் கொடுத்து, வருஷக்கணக்கா காத்திருப்பது.

அப்படி ஒரு சோதனை 1985-ல் பின்லாந்தில் ஆரம்பிச்சது. 50 முதல் 69 வயசு வரை உள்ள 29,133 ஆண்கள், அத்தனை பேரும் புகைபிடிக்கிறவங்க. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குதா என்பதுதான் கேள்வி. 1994-ல் விடை வந்தப்போ எல்லாரும் ஆடிப்போயிட்டாங்க. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் 18,314 பேரை வச்சு நடந்த இன்னொரு ஆய்விலும் இதே போக்கு தெரிஞ்சதால், 1996 ஜனவரியில் மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

ஆனா பின்லாந்துக் கணக்கில் ஒரு ஓரத்தில் வேற ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தினமும் 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ சாப்பிட்டவங்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 32 சதவீதம் கம்மி. இந்தப் புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிற சுரப்பி. வயசாக ஆக அதில் புற்றுநோய் வர வாய்ப்பு கூடும், பல பேருக்கு அது ரொம்ப மெதுவாத்தான் வளரும். அதனால் 'தினம் ஒரு மாத்திரையில் தள்ளிப்போடலாம்' என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அதே சமயத்தில் அமெரிக்காவில் லாரி கிளார்க் என்பவர் தலைமையில் ஒரு செலினியம் ஆய்வு நடந்துட்டிருந்தது. ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்து போன 1,312 பேருக்கு, மறுபடி வராமல் தடுக்குதான்னு பார்க்க. 1996-ல் முடிவு: தோலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனா புராஸ்டேட் புற்றுநோய்? போலி மாத்திரைக்காரர்களில் 35 பேர், செலினியம் சாப்பிட்டவர்களில் வெறும் 13 பேர்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த இரண்டு ஆய்வுமே புராஸ்டேட்டுக்காக ஆரம்பிச்சது இல்லை. இரண்டிலும் கேட்ட கேள்வி வேற, தற்செயலாக் கிடைச்ச பதில் வேற. பத்து விதமான நோயை எண்ணிப் பார்த்தால் ஏதாவது ஒண்ணு அதிர்ஷ்டத்தாலேயே நல்லா தெரியும். 35, 13 என்பதெல்லாம் ரொம்பச் சின்ன எண்ணிக்கை. அதுக்காக அலட்சியம் பண்ணவும் முடியாது. இரண்டும் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வுகள், இரண்டும் ஒரே உறுப்பைக் காட்டுது. சரி, நேரடியாவே கேட்டுருவோம்னு முடிவு பண்ணாங்க.

அதுதான் 'செலக்ட்' ஆய்வு. 2001 ஆகஸ்டில் ஆரம்பம். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ முழுக்க 400-க்கும் மேற்பட்ட மையங்கள். மொத்தம் 35,533 ஆண்கள், யாருக்கும் அதுவரை புராஸ்டேட் புற்றுநோய் இல்லை. நாலு குழு: வைட்டமின் ஈ மட்டும், செலினியம் மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாதவங்க. குழுவுக்குச் சுமார் 8,700 பேர். செலினியம் அளவு பார்க்கக் கால் நகத்தை வெட்டிக்கூடக் கொடுத்திருக்காங்க! தனக்குக் கிடைக்கிறது நிஜமா போலியான்னே தெரியாமல் வருஷக்கணக்கா தினமும் மாத்திரை விழுங்கின அந்த மனுஷங்களுக்கு நான் ஒரு கும்பிடு போடறேன்.

2008 அக்டோபரில், திட்டமிட்டதுக்கு முன்னாடியே, மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க. இரண்டாலும் பலன் இல்லை. அதோட வைட்டமின் ஈ குழுவில் எண்ணிக்கை லேசா கூடுற மாதிரி தெரிஞ்சது, ஆனா தற்செயலாவும் இருக்கலாம் என்கிற அளவுதான். நல்லவேளை, ஆட்களை விட்டுடாமல் தொடர்ந்து கவனிச்சாங்க. 2011-ல் கணக்குப் பார்த்தப்போ போலி மாத்திரைக் குழுவில் 529 பேருக்குப் புராஸ்டேட் புற்றுநோய், வைட்டமின் ஈ குழுவில் 620 பேருக்கு. 17 சதவீதம் அதிகம். ஏழு வருஷத்தில் ஆயிரம் பேருக்கு 65 என்று இருக்க வேண்டியது 76 ஆயிடுச்சு. பயந்து அலற வேண்டிய எண் இல்லைதான். ஆனா காசு கொடுத்து வாங்கி, நோய் வரக்கூடாதுன்னு சாப்பிட்ட மாத்திரைக்கு இது எப்படிப்பட்ட விடை!

2014-ல் அந்த நகங்கள் பேசின. உடம்பில் ஏற்கெனவே செலினியம் அதிகமா இருந்தவங்க மேலும் செலினியம் சாப்பிட்டப்போ, வேகமா வளரும் வகைப் புற்றுநோய் அபாயம் 91 சதவீதம் கூடியிருந்தது. செலினியம் கம்மியா இருந்தவங்களுக்கு வைட்டமின் ஈ தனியாச் சாப்பிட்டதில் அபாயம் கூடியிருந்தது.

ஏன் இப்படித் தலைகீழாச்சு? பின்லாந்துக்காரங்க எல்லாரும் புகைபிடிக்கிறவங்க, சாப்பிட்டது 50 மில்லிகிராம். செலக்டில் புகைபிடிக்கிறவங்க சொற்பம், அளவோ 400 யூனிட். கிளார்க் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது மண்ணில் செலினியம் கம்மியா உள்ள பகுதிகளில். செலக்டில் வந்தவங்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. குறை இருக்கிறவனுக்குக் கொடுத்தால் மருந்து, நிறைஞ்சிருக்கிறவனுக்குக் கொடுத்தால் சுமை என்பது என் புரிதல். இன்னொண்ணு, ஃப்ரீ ரேடிக்கலுக்கு உடம்பில் உபயோகமான வேலைகளும் உண்டு. 2014-ல் ஸ்வீடனில் எலிகளை வச்சு நடந்த ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் வளரும்போது வைட்டமின் ஈ கொடுத்தால் கட்டி இன்னும் வேகமா வளர்ந்தது. துரு தடுப்பான் நல்ல செல், கெட்ட செல் பார்த்து வேலை செய்யறதில்லை போல.

தக்காளி என்னாச்சுன்னு கேப்பீங்க. அதைச் சிவப்பாக்குற லைகோபீனும் இதே பட்டியல்தான். 1995-ல் அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் சாப்பாட்டுக் கணக்கில், தக்காளி நிறைய சாப்பிட்டவங்களுக்கு இந்தப் புற்றுநோய் கம்மின்னு வந்தது. ஆனா அது குலுக்கல் ஆய்வு இல்லை, மேலே சொன்ன வாக்கிங் பிரச்சனை இதுக்கும் உண்டு. 2005-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், லைகோபீனுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, தக்காளிக்கு ரொம்பச் சொற்பம் என்று சொல்லிடுச்சு. ரசம் வைங்க, தொக்கு கிண்டுங்க, தப்பே இல்லை. லைகோபீன் மாத்திரைன்னு வந்தால் மட்டும் யோசிங்க.

2022-ல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, புற்றுநோயையோ இதய நோயையோ தடுப்பதற்காக வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகள் வேண்டாம் என்று தெளிவாவே சொல்லியிருக்கு. ஆனாலும் நம்ம ஊர் மருந்துக்கடையில் பச்சை கலர் வைட்டமின் ஈ கேப்ஸ்யூலை முடிக்கு, தோலுக்கு, 'சும்மா சத்துக்கு'ன்னு சீட்டு இல்லாமல் வாங்கிட்டுப் போறாங்க. அதில் பலதிலும் 400 என்றுதான் போட்டிருக்கும், செலக்டில் கொடுத்த அதே அளவு. உங்க வீட்டில் ஐம்பது தாண்டின அப்பா, மாமா, பெரியப்பா யாராவது டாக்டர் சொல்லாமல் வருஷக்கணக்கா அதைச் சாப்பிட்டுட்டு இருந்தால், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, படிச்சதை எழுதறவன். டாக்டர் ஒரு காரணத்துக்காக எழுதிக் கொடுத்ததை இந்தப் பதிவைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க. மருத்துவம் படிச்ச பதிவர்கள் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் வந்து மேல்விவரம் சொல்லுங்க.