அரசிதழில் ஏறிய பெயர்கள்

1867 ஏப்ரல் 1ஆம் நாள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள், இந்திய அரசின் பொறுப்பினின்று நீங்கி, பிரிட்டிஷ் முடியின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. ஆளுநர் ஹாரி ஆர்டு முதலாக அதிகாரிகளின் நியமனங்கள் பெயரோடும் பதவியோடும் அரசிதழில் இடம்பெற்றன. கழி நட்டுக் கேலோங் அமைத்த மீனவரோ, விதிக்கு உட்பட்டோராய்ப் பெயரின்றியே நின்றனர்.

எளியவர் பெயரை ஏட்டில் ஏற்றியது, அரிதாக, வீரவிருதே. 1951இல் மலாயாவில், சரவாக்கைச் சேர்ந்த இபான் வழிகாட்டி அவாங் அனாக் ராவாங், தாம் காயமுற்றிருந்தும், காயமுற்ற படைவீரர் ஒருவரைக் காத்து நின்றார். அவ்வாண்டே அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டதை இலண்டன் அரசிதழ் அறிவித்தது.

அரசிதழ் ஆளுவோரின் நினைவேடு. அதில் இருக்கும் பெயர்களோடு இல்லாத பெயர்களையும் தேடுவதே வரலாற்று மாணவரின் கடமை.