மலையக வழிபாட்டுப் பாடல்களில் விலங்குகள்

இலங்கையின் நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் பாடப்படும் காமன் கூத்துப் பாட்டு, மாரியம்மன் தாலாட்டு, முனியாண்டி, மாடசாமி பாட்டுகள் ஆகியவற்றில் விலங்கும் பறவையும் நிறைந்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் இம்மரபுகளைக் கொண்டுவந்தனர். மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) முன்னோடி.

மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி நடத்தும் காமன் கூத்தில் மன்மதனுக்குக் கிளி வாகனம், கரும்பு வில், வண்டு நாண், மாம்பூ உள்ளிட்ட ஐந்து கணைகள். மாட்டுத்தோல் போர்த்த தப்புப் பறையை நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றிய பிறகே ஆட்டம் தொடங்கும். பாடும் இடமோ குளிர்மலை. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் கரும்பும் இல்லை, மாந்தோப்பும் இல்லை. முருகன் பாட்டில் வரும் மயிலும் உலர் வலயப் பறவைதான். ஆக, பாட்டிலுள்ள இயற்கை பெரும்பாலும் சமவெளியின் இயற்கை. மலையின் அட்டை, தொழிலாளரின் துயரப் பாடல்களில்தான் கடிக்கிறது. எந்தச் சாமிக்கும் அது வாகனமாகவில்லை.

யானையின் கதை வேறு. கூத்துக்கு முன் பிள்ளையாரைப் பாடுகிறார்கள். ஆனால் ஆங்கிலேயர் காட்டை வெட்டிக் கோப்பி நட்டதிலும் வேட்டையாடியதிலும் இம்மலைகளின் யானைகள் அருகிப்போயின. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். அவர் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. மலைமேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை.

தோட்டத்திலேயே பிறந்த தெய்வங்களும் உண்டு: தேயிலைச் செடி கத்தரிக்கும் வேலைக்கான கவ்வாத்துச் சாமி, கொழுந்துச் சாமி, தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவலான ரோதைமுனி. முனி குடியிருக்கும் மரத்தில் கத்தி வைக்க அஞ்சுவார்கள். இதைச் சூழலியல் சிந்தனை என்பது மிகை. அச்சம் சில மரங்களைக் காத்தது, அவ்வளவே. அதே முனிக்குச் சேவலும் கிடாயும் நேர்ந்துவிடப்படுகின்றன. இந்துக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்யும் யோசனைக்கு 2018இல் இலங்கை அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

அம்மன் பாட்டின் வேங்கை இலங்கைக் காட்டில் கிடையாது, இங்குள்ளது சிறுத்தை. தேயிலை மலைகளை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் அது வாழ்கிறது. பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு அதற்கும் எமனாகிறது. 2020 மே மாதம் சிவனொளிபாத மலை அடிவாரத்து நல்லதண்ணியில் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் சில நாளில் இறந்தது.